வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்: ஹோம் தியேட்டர் கோளாறுகளின் வரலாறு

ஹோம் தியேட்டர் ரிசீவர் இருக்கும் வீடுகளில் மூன்று புகார்கள் மாறி மாறி வரும். "படம் வருது, சத்தம் வரலை." "சத்தம் வருது, படம் வரலை." மூன்றாவது கொஞ்சம் விசித்திரமானது. "ரெண்டும் வருது, ஆனா வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்." உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான்: எல்லா வயரையும் பிடுங்கி மறுபடி செருகுவது. சில சமயம் சரியாகிவிடும். ஏன் சரியானது என்றுதான் தெரியாது!

இந்தக் கோளாறுகளின் வேர் ரிசீவர் என்ற பெட்டியை விட மிகப் பழையது. காமிரா பார்க்கும், கேட்காது. மைக் கேட்கும், பார்க்காது. படமும் ஒலியும் பிறக்கும்போதே தனித்தனியாகப் பிறக்கின்றன. பிறகு இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நொடியில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். நூறு வருடத்துக்கும் மேலாக நடந்துவரும் இந்தச் சேர்த்துவைக்கும் வேலையில் கடைசியாக வந்து மாட்டிக்கொண்டதுதான் ரிசீவர். படமும் ஒலியும் எங்கே பிரிகின்றன, எங்கே சேர்கின்றன என்று தெரிந்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். அதைச் சொல்வது இந்த வரலாறுதான்.

எடிசனின் கயிறு

1913-ல் தாமஸ் எடிசன் 'கைனடோஃபோன்' என்ற பேசும் படக் கருவியை நியூயார்க் அரங்குகளில் காட்டினார். ஒலி ஃபோனோகிராஃப் உருளையில் இருந்தது, படம் ஃபிலிமில் இருந்தது. ஃபோனோகிராஃப் திரைக்குப் பக்கத்தில், ப்ரொஜெக்டர் அரங்கின் மறுகோடியில். இரண்டையும் இணைத்தது கப்பிகள் வழியாக அரங்கின் நீளத்துக்கு ஓடிய ஒரு நீண்ட கயிறு!

கயிறு கொஞ்சம் தளர்ந்தாலும், ஆபரேட்டர் கொஞ்சம் அசந்தாலும் வாய் மூடிய பிறகு பேச்சு வந்தது. சீக்கிரமே ஜனங்கள் கேலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். 1914 டிசம்பரில் எடிசனின் தொழிற்சாலை தீப்பிடித்தது. அதன்பின் அவர் இந்த முயற்சியைத் தொடரவில்லை.

இசைத்தட்டும் கறுப்பு ஃப்ரேமும்

அடுத்து வந்தது வைட்டாஃபோன். வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 1926 ஆகஸ்ட் 6 அன்று 'டான் ஜுவான்' படத்தோடு இதை அறிமுகப்படுத்தியது. 1927 அக்டோபரில் வந்த 'தி ஜாஸ் சிங்கர்' படத்துக்கும் இதே முறைதான். ஒலி 16 அங்குல இசைத்தட்டில் இருந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு தட்டு சுமார் 11 நிமிடம் ஓடும், அதாவது ஒரு ரீலுக்கு ஒரு தட்டு. கயிற்றுக்குப் பதிலாக ப்ரொஜெக்டரையும் தட்டையும் ஒரே மோட்டார் சுழற்றியது.

ஆனால் ஆபரேட்டருக்கு வேலை சுலபமாகிவிடவில்லை. தட்டில் அம்புக்குறி போட்ட இடத்தில் ஊசியை வைக்க வேண்டும். ஃபிலிமில் குறித்த ஃப்ரேமை ப்ரொஜெக்டர் வாசலில் சரியாக நிறுத்த வேண்டும். ஊசி ஒரு வரி தாவினால் போச்சு. ஃபிலிம் அறுந்தால் அதைவிட மோசம். சாதாரணமாக அறுந்த இடத்தை வெட்டி ஒட்டிவிடுவார்கள். இங்கே அப்படிச் செய்தால் படம் குறையும், தட்டில் இருக்கும் ஒலி குறையாது. அதனால் வெட்டிய ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பதிலாக ஒரு கறுப்பு ஃப்ரேமை ஒட்டினார்கள். ஒரு கணம் திரை இருண்டாலும் பரவாயில்லை, கணக்கு தப்பக்கூடாது!

இந்தக் காலத்துக் கூத்தை ஹாலிவுட்டே பின்னாளில் கிண்டல் செய்தது. 1952-ல் வந்த 'சிங்கிங் இன் தி ரெய்ன்' படத்தில், முன்னோட்டக் காட்சியின் நடுவே ஒலி நழுவி, கதாநாயகியின் வாயிலிருந்து வில்லனின் குரலும், வில்லன் வாயிலிருந்து கதாநாயகியின் குரலும் வரும்.

ஒரே ஃபிலிமில் இரண்டும்

1930-களின் தொடக்கத்தில் இசைத்தட்டு முறை கைவிடப்பட்டது. ஃபிலிமின் ஓரத்திலேயே ஒலியை ஒரு மெல்லிய கோடாக அச்சிடும் முறை வென்றது. ஃபிலிம் அறுந்தால் இனி படமும் ஒலியும் சேர்ந்தே போகும்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ப்ரொஜெக்டர் வாசலில் ஃபிலிம் நின்று நின்று நகரும், நொடிக்கு 24 தடவை. ஒலியைப் படிக்கும் இடத்திலோ அது சீராக ஓட வேண்டும். எனவே இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க முடியாது. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்துக்கான ஒலி 20 ஃப்ரேம் முன்னால் அச்சிடப்பட்டது. நடுவில் ஃபிலிமை எவ்வளவு தொங்கவிட வேண்டும் என்பதற்கு ஒரு அளவு உண்டு. அது ஒரு ஃப்ரேம் மாறினால் ஒலி சுமார் 42 மில்லிசெகண்ட் நழுவும். 'ஒரே ஃபிலிம்' என்பதாலேயே ஒலி தானாகப் பொருந்திவிடாது என்பது முதல் பாடம்.

1993-ல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு டி.டி.எஸ். வந்தபோது ஒலி மறுபடியும் தட்டுக்கே போனது, இம்முறை சி.டி. ராமுக்கு. வைட்டாஃபோனின் மறுபிறவி! ஆனால் எடிசனின் கயிறு போலவோ வார்னரின் மோட்டார் போலவோ எதையும் இயந்திரத்தால் கட்டவில்லை. ஃபிலிமில் படத்துக்குப் பக்கத்தில் நேரக்குறியீடு அச்சிடப்பட்டது. கருவி அதைப் படித்து, அந்த நேரத்துக்குரிய ஒலியைச் சி.டி.யிலிருந்து எடுக்கும். நடுவில் ஃபிலிம் வெட்டுப்பட்டிருந்தால் ஒலியும் கூடவே தாவிச் சேர்ந்துகொள்ளும். சி.டி. மக்கர் செய்தால் ஃபிலிம் ஓரத்துப் பழைய ஒலிக்கோடு கைகொடுக்கும்.

வீட்டுக்குள் வந்த பிரிவினை

டிவி பெட்டியில் ஸ்பீக்கரும் உள்ளேயே இருந்தவரை வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. 1982-ல் டால்பி சரவுண்ட் வீடுகளுக்கு வந்தது, 1987-ல் டால்பி ப்ரோ லாஜிக். பல ஸ்பீக்கர்களை ஓட்ட ரிசீவர் தேவைப்பட்டது. அன்றைக்கே வீட்டிலும் பாதை பிரிந்துவிட்டது: மஞ்சள் வயரில் படம் டிவிக்கு, சிவப்பு வெள்ளை வயர்களில் ஒலி ரிசீவருக்கு.

பாதை பிரிந்தும் அன்று வாயும் பேச்சும் பிசகவில்லை. காரணம், பிக்சர் ட்யூப் டிவி வந்த சிக்னலை வந்த கணமே வரைந்துவிடும். ரிசீவரும் அப்படியே. அக்காலக் கோளாறு பெரும்பாலும் தவறான ஓட்டையில் செருகிய வயர்தான்.

எல்.சி.டி., பிளாஸ்மா டிவிகள் வந்ததும் கதை மாறியது. இவை படத்தை உடனே காட்டுவதில்லை. ஒரு ஃப்ரேமை முழுதாக வாங்கி, நினைவில் வைத்து, அளவு மாற்றி, மெருகேற்றிக் காட்டுகின்றன. இதற்குப் பத்துக்கணக்கில், சில சமயம் 100 மில்லிசெகண்டுக்கு மேலும் ஆகும். அதற்குள் ஒலி ரிசீவர் வழியாகக் காதுக்கு வந்துவிடும். படத்தை அழகாக்கப் போய் பேச்சு முந்திக்கொண்டது!

முந்தினால் ஏன் உறுத்துகிறது?

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998-ம் ஆண்டுப் பரிந்துரை ஒன்று இதற்கு அளவு சொல்கிறது. ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினாலே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பிந்தினாலோ 125 வரை தெரிவதில்லை. இந்த ஓரவஞ்சனைக்குக் காரணம் இயற்கை. ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும், ஒளி கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். ஆற்றின் அக்கரையில் ஒருவர் துணியை ஓங்கிக் கல்லில் அடிப்பது முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். மின்னல் முதலில், இடி பிறகு. பிந்தி வரும் ஒலி மூளைக்குப் பழக்கம். முந்தி வரும் ஒலியை இயற்கையில் அது கேட்டதே இல்லை.

உதட்டைக் கண் பார்ப்பதையும் காது கேட்பதையும் மூளை தனித்தனியாக வைத்திருப்பதுமில்லை. 1976-ல் மக்கர்க், மெக்டொனால்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 'பா' என்ற ஒலியை 'கா' என்று அசையும் உதட்டோடு சேர்த்துக் காட்டினார்கள். பலர் காதில் விழுந்தது இரண்டுமில்லை, 'டா'!

இதைவிடக் கவலைக்குரிய ஒன்றை ஸ்டான்ஃபோர்டில் ரீவ்ஸ், வோல்க்கர் இருவரும் 1993-ல் காட்டினார்கள். ஒலி பிசகிய காட்சிகளைப் பார்த்தவர்கள், அதில் பேசியவர்களையே குறைவாக மதிப்பிட்டார்கள். சுவாரசியம் குறைவு, பதற்றமாக இருக்கிறார் என்றெல்லாம். பழி வயரின் மேல் விழவில்லை, பேசியவர் மேல் விழுந்தது. நன்றாக நடித்தவரும், தெளிவாகப் பாடம் நடத்துபவரும் சில மில்லிசெகண்டால் மதிப்பிழக்கிறார்கள் என்றால் இது வெறும் ரிமோட் பிரச்சினை அல்ல.

ஒரே வயர், கூடவே ஒரு பூட்டு

2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ. வந்தது. படமும் ஒலியும் ஒரே வயரில். ஃபிலிம் ஓரத்தில் ஒலியை அச்சிட்டதற்கு இணையான மாற்றம் இது. 2006-ல் வந்த 1.3 பதிப்பில், டிவி "எனக்கு இவ்வளவு தாமதம்" என்று ரிசீவரிடம் சொல்லும் வசதியும் சேர்ந்தது. ஆனால் எல்லா டிவியும் சொல்லவில்லை, சொன்னவையும் எப்போதும் சரியாகச் சொல்லவில்லை.

இந்த வயரோடு ஒரு பூட்டும் வந்தது. இன்டெல் உருவாக்கிய எச்.டி.சி.பி. என்ற நகல் தடுப்பு முறை. படம் அனுப்பும் முன் பிளேயரும் ரிசீவரும் டிவியும் ஒருவரை ஒருவர் அடையாளம் கேட்டுக்கொள்ள வேண்டும். இதைக் 'கைகுலுக்கல்' என்பார்கள். பழைய 1.x பதிப்பில், படம் ஓடும்போதும் சுமார் 2 நொடிக்கு ஒருமுறை சரிபார்ப்பு நடக்கும். ஏதாவது ஒரு இடத்தில் பதில் தவறினால் திரை கறுத்துவிடும். வயரைப் பிடுங்கிச் செருகினால் சரியாவது இதனால்தான்: கைகுலுக்கல் முதலிலிருந்து தொடங்குகிறது.

திருட்டு நகலைத் தடுக்க வந்த இந்தப் பூட்டின் மூலச் சாவி 2010 செப்டம்பரில் இணையத்தில் வெளியாகிவிட்டது. இன்டெலும் அதை உறுதி செய்தது. 2013-ல் 2.2 என்ற புதிய பூட்டு வந்தது. பழைய ரிசீவர்களுக்கு அது தெரியாது. 4கே டிவியும் 4கே பிளேயரும் வாங்கி, நடுவில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரிசீவரை வைத்தவர்களுக்குத் திரை இருண்டது, அல்லது படம் 1080-க்கு இறங்கியது. காசு கொடுத்து வாங்கியவர்தான் பூட்டுக்கு வெளியே நின்றார்.

2017-ல் வந்த 2.1 பதிப்பு, டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலியைத் திருப்பி அனுப்பும் 'இ.ஆர்க்' வழியைத் தந்தது. இதில் தாமதத் திருத்தம் கட்டாயம். அதோடும் தொல்லை ஓயவில்லை. 2020-ல் புதிய ரிசீவர்கள் சிலவற்றில், 4கே படத்தை நொடிக்கு 120 ஃப்ரேமில் அனுப்பினால் திரை கறுத்தது. காரணம் உள்ளிருந்த எச்.டி.எம்.ஐ. சிப்.

வரலாறு சொல்லும் வைத்தியம்

1. பேச்சு முந்தினால்: டிவி தாமதிக்கிறது. ரிசீவர் மெனுவில் 'லிப் சிங்க்' அல்லது 'ஆடியோ டிலே' என்பதைப் பத்துப் பத்து மில்லிசெகண்டாகக் கூட்ட வேண்டும். கதவைச் சாத்தும் காட்சி, கைதட்டும் காட்சி சோதிக்க நல்லது. டிவியைக் 'கேம் மோடு'க்கு மாற்றினாலும் தாமதம் குறையும்.

2. பேச்சு பிந்தினால்: ரிசீவரால் ஒலியைத் தாமதிக்கத்தான் முடியும், முந்த வைக்க முடியாது. முதலில் அந்த டிலேயைப் பூஜ்யமாக்க வேண்டும். ஒலி டிவிக்குள் போய்த் திரும்பி வருகிறதா என்று பார்த்து, பிளேயரை நேராக ரிசீவரில் செருகலாம்.

3. படம் வராவிட்டால்: ரிசீவரை விலக்கி பிளேயரை நேராக டிவியில் செருகிப் பார்க்க வேண்டும். படம் வந்தால் சந்தேகம் கைகுலுக்கல் மேல். டிவி, ரிசீவர், பிளேயர் என்ற வரிசையில் ஆன் செய்து பார்க்கலாம். 1080-ல் வந்து 4கே-யில் வராவிட்டால் பூட்டின் பதிப்பு, ரிசீவரின் எந்த ஓட்டை, கேபிளின் தரம் மூன்றையும் பார்க்க வேண்டும்.

4. ஒலி வராவிட்டால், அல்லது இரண்டு ஸ்பீக்கரில் மட்டும் வந்தால்: எதை வாங்க முடியும் என்று டிவி சொல்வதைக் கேட்டே பிளேயர் ஒலியை அனுப்புகிறது. டிவி "எனக்கு இரண்டு சானல் போதும்" என்றால் இரண்டுதான் வரும். பிளேயரின் ஒலி செட்டிங்கை மாற்றிப் பார்க்கலாம். டிவியின் ஒலியை ரிசீவரில் கேட்க, 'ஆர்க்' என்று எழுதிய ஓட்டையில்தான் செருக வேண்டும்.

இந்த நான்கிலும் தேடுவது ஒன்றையே: பாதை பிரியும் இடம், சேரும் இடம். அன்று ஆபரேட்டர் அறுந்த ஃபிலிமில் கறுப்பு ஃப்ரேமை எண்ணி எண்ணி ஒட்டினார். இன்று ரிமோட்டில் மில்லிசெகண்டை எண்ணிக் கூட்டுகிறார்கள். வேலை அதேதான். ரிசீவர் ரிப்பேர் என்று முடிவுகட்டிக் கடைக்குத் தூக்கிப் போவதற்கு முன் அந்த இரண்டு இடத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டால், பல வீடுகளில் ஆட்டோ செலவாவது மிச்சம்!