25 வயது ஆகட்டும், பிறகு வாருங்கள்: அமெரிக்காவுக்குள் நுழைய முடியாத கார்களின் கதை

பணம் இருந்தால் எதையும் சாதிக்கலாம் என்பார்கள். பில் கேட்ஸைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். 1980-களின் கடைசியில் அவர் ஜெர்மனியிலிருந்து போர்ஷே 959 கார் ஒன்றை வாங்கினார். சாலையில் ஓட்டக்கூடிய கார்களில் அன்றைக்கு உலகத்திலேயே வேகமானவற்றில் அது ஒன்று. மொத்தமே முந்நூற்றுச் சொச்சம் கார்கள்தான் செய்தார்கள். கார் கப்பலேறி சான் பிரான்சிஸ்கோ வந்து இறங்கியது. அதோடு சரி! சுங்கத்துறையின் பிடியில் சுமார் 13 வருஷம் அங்கேயே கிடந்தது. விண்டோஸ் 95 வந்தது, விண்டோஸ் 98 வந்தது, கார் மட்டும் வீட்டுக்கு வரவில்லை.

அவர் வரி ஏய்க்கவில்லை, திருட்டுக் காரும் வாங்கவில்லை. பிறகு ஏன் இந்தப் பாடு? அதைப் புரிந்துகொள்ள 1966-க்குப் போக வேண்டும்.

அதற்கு முந்தைய வருஷம்தான் ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர் அமெரிக்கக் கார்கள் எவ்வளவு ஆபத்தானவை என்று ஒரு புத்தகம் எழுதி நாட்டையே உலுக்கியிருந்தார். அதன் சூடு ஆறும் முன்பே, 1966 செப்டம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1968 ஜனவரி 1 முதல் செய்யப்படும் ஒவ்வொரு காரும் அமெரிக்க அரசின் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்த வேண்டும், பொருந்துகிறது என்று தயாரித்த நிறுவனமே உறுதி சொல்லி காரில் ஒரு முத்திரைச் சீட்டு ஒட்ட வேண்டும். 1970-ல் காற்று மாசுச் சட்டம் கடுமையானது, அதே வருஷம் சுற்றுச்சூழல் அமைப்பும் உருவானது. அதாவது ஒரு காருக்கு இரண்டு காவலாளிகள். ஒருவர் விபத்தைப் பார்ப்பார், இன்னொருவர் புகையைப் பார்ப்பார்.

இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. உயிர் காத்த சட்டம் அது. ஆனால் ஐரோப்பா தன் விதிகளைத் தனியாக எழுதிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் ஹெட்லைட் இந்த வடிவம்தான், பம்பர் இவ்வளவு அடி தாங்க வேண்டும், பக்கவாட்டில் சின்ன விளக்கு வேண்டும் என்று ஒரு பட்டியல். ஐரோப்பாவில் வேறு பட்டியல். ஆகவே ஜெர்மனியில் மணிக்கு 200 கிலோமீட்டரில் ஓட அனுமதி உள்ள அதே கார், அமெரிக்காவில் இறங்கியதும் "பாதுகாப்பற்ற வண்டி" ஆகிவிடும். போர்ஷே 959 விஷயத்தில் நடந்ததும் இதுதான். விதிக்குப் பொருந்துகிறது என்று நிரூபிக்க நான்கு கார்களை மோதி உடைத்துக் காட்ட வேண்டும். போர்ஷே நிறுவனம் அதற்குத் தயாராக இல்லை. ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான டாலர் விலையுள்ள காரை யார் சுவரில் மோதுவார்கள்?

சாதாரண கார்களுக்கு மட்டும் ஒரு வழி இருந்தது. வெளிநாட்டில் வாங்கிய காரைக் கொண்டுவந்து, சுங்கத்தில் பிணைப்பத்திரம் கொடுத்துவிட்டு, ஏதாவது ஒரு பட்டறையில் அமெரிக்க விதிப்படி மாற்றிக்கொள்ளலாம். கதவுக்குள் இரும்புப் பட்டை வைத்து வெல்டிங், புது ஹெட்லைட், புகைக்குழாயில் வடிகட்டும் கருவி, கிலோமீட்டருக்குப் பதில் மைல் காட்டும் மீட்டர்... இப்படி. வேலையை ஒழுங்காகச் செய்த பட்டறைகளும் உண்டு. பேருக்கு ஒட்டுப்போட்டு, கையெழுத்து வாங்கியதும் கழற்றி எறிந்தவர்களும் உண்டு.

1970-களில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் மாற்றியது டாலர். 1980-ல் ஒரு டாலருக்கு 2 ஜெர்மன் மார்க் கூடக் கிடைக்காது. 1985 ஆரம்பத்தில் அதே டாலருக்கு ஏறக்குறைய 3.4 மார்க்! ஆனால் அமெரிக்க ஷோரூமில் மெர்சிடஸ் விலை அதற்கேற்ப இறங்கவில்லை. ஒருவர் விமானம் ஏறி ஜெர்மனி போய், அங்கேயே கார் வாங்கி, கப்பல் கூலி கொடுத்து, பட்டறைக்கும் அழுது, அப்புறமும் ஆயிரக்கணக்கில் மிச்சம் பிடிக்க முடிந்தது. விலை மட்டுமா? 1980-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பெரிய எஞ்சின் வைத்த 500 எஸ்இஎல் ஓடிக்கொண்டிருந்தபோது, அமெரிக்க ஷோரூமில் அதைவிடச் சிறிய எஞ்சினுள்ள 380 தான் கிடைத்தது. "எங்களுக்கு மட்டும் ஏன் இளைத்த மாடு?" என்று பணக்கார வாடிக்கையாளர்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

கறுப்புச் சந்தையும் இல்லாமல் வெள்ளைச் சந்தையும் இல்லாமல் நடந்த இந்த வியாபாரத்துக்கு 'கிரே மார்க்கெட்', அதாவது சாம்பல் சந்தை என்று பெயர் வந்தது. 1985-ல் மட்டும் 66,000-க்கும் மேற்பட்ட கார்கள் இப்படி உள்ளே வந்தன. அதிகாரபூர்வ டீலர்களுக்கு வயிறு எரிந்தது. மெர்சிடஸின் அமெரிக்கக் கிளையும் டீலர்களும் வாஷிங்டனில் செலவு செய்து, எம்.பி.க்களைப் பார்த்துப் பேசி, சட்டம் வேண்டும் என்று அழுத்தம் கொடுத்தார்கள். சொன்ன காரணம் மக்களின் பாதுகாப்பு. அது முழுப்பொய் அல்ல, ஒட்டுப்போட்ட கார்கள் நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் கல்லாப்பெட்டி காலியாகாமல் இருந்திருந்தால் அந்தக் கவலை இவ்வளவு சத்தமாக வந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

1988 அக்டோபர் 31 அன்று ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்ட இறக்குமதி வாகனச் சட்டம் பட்டறை வழியை மூடியது. 1990 ஜனவரி கடைசியில் அமலுக்கு வந்தது. இனிமேல் அரசிடம் பதிவு செய்துகொண்ட இறக்குமதியாளர் மட்டுமே காரை மாற்றித் தரலாம். அதற்கும் முன்னால், அந்த மாடல் மாற்றத் தகுந்ததுதான் என்று அரசு முடிவு சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்காவில் அதே போன்ற மாடல் விற்றிருந்தால் சுலபம். இல்லையென்றால் மறுபடி மோதல் சோதனை, மறுபடி லட்சங்கள். ஒரே ஒரு கார் ஆசைப்பட்டவருக்கு இது கதவை அடைத்த மாதிரிதான். (வேடிக்கை என்னவென்றால் 1985 செப்டம்பருக்குப் பிறகு டாலர் தானாகவே சரிந்து, சட்டம் வந்தபோது சாம்பல் சந்தை ஏற்கனவே படுத்துவிட்டிருந்தது. செத்த பாம்பை அடித்த கதை!)

அந்தச் சட்டம் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்தது: தயாரித்து 25 வருஷம் ஆன வண்டிக்குப் பாதுகாப்பு விதி பொருந்தாது. 25 வயதுக் கார் எந்த ஷோரூமின் புதுக்கார் வியாபாரத்தையும் கெடுக்காது அல்லவா? இன்று அமெரிக்காவில் 'இறக்குமதி கிளாசிக் கார்' என்று பேசுகிற எல்லாரும் இந்த ஜன்னல் வழியாக வந்தவர்கள்தான். பக்கத்து நாடான கனடாவில் இதே ஜன்னல் 15 வருஷத்திலேயே திறந்துவிடுகிறது. வான்கூவரில் சாதாரணமாக ஓடுகிற ஜப்பானியக் கார், சில மணி நேரத் தூரத்தில் உள்ள சியாட்டிலில் குடியிருப்பவருக்கு இன்னும் பத்து வருஷம் எட்டாக்கனி. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் பிரேக் பிடிக்காமல் போய்விடுமா என்ன!

வயது வந்துவிட்டால் மட்டும் போதாது, வந்ததை நிரூபிக்க வேண்டும். சுங்கத்துக்கு ஒரு படிவம், 7501. போக்குவரத்துத் துறைக்கு ஒன்று, எச்.எஸ்-7. சுற்றுச்சூழல் அமைப்புக்கு மூன்றாவது, 3520-1. இந்த மூன்றாமவருக்கு 25 அல்ல, 21 வருஷம் போதும். ஆனால் எஞ்சின் பழைய எஞ்சினாகவோ அதற்கு இணையானதாகவோ இருக்க வேண்டும். ஆகவே 22 வயதுக் கார் புகையில் பாஸ், பாதுகாப்பில் ஃபெயில். 25 வருஷக் கணக்கு ஆண்டை வைத்து அல்ல, தயாரித்த மாதத்தை வைத்து. ஜப்பானியச் சான்றிதழில் பெரும்பாலும் இருப்பது முதலில் பதிவு செய்த மாதம்தான், அதுவும் ஜப்பானிய எழுத்தில். அதனால் மொழிபெயர்ப்பு ஒரு தனிச் செலவு. 24 வருஷம் 11 மாதம் ஆன காரை அவசரப்பட்டு கப்பலில் ஏற்றினால் பில் கேட்ஸ் கதைதான்.

வண்டி காராக இல்லாமல் சின்ன டிரக்காக இருந்தால் 25 சதவீத இறக்குமதி வரி வேறு. இதன் பூர்வீகம் கோழி! 1960-களின் தொடக்கத்தில் ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக, 1964-ல் அமெரிக்கா டிரக்குகளுக்குப் போட்ட வரி அது. கோழிச் சண்டை ஓய்ந்து பல காலம் ஆகியும் வரி ஓயவில்லை.

இந்தச் சிக்கலில் அதிகம் சூடுபட்டவர்கள் நிசான் ஸ்கைலைன் ஜி.டி-ஆர் ரசிகர்கள். வீடியோ கேமில் ஓட்டிப் பழகிய அந்தக் காரை நிசான் அமெரிக்காவில் விற்கவே இல்லை. 1990-களின் கடைசியில் கலிபோர்னியா நிறுவனம் ஒன்று ஆர்33 மாடலை மோதல் சோதனை செய்து, அரசிடம் விண்ணப்பித்தது. 1990 முதல் 1999 வரையிலான ஸ்கைலைன்கள் எல்லாம் தகுதியானவை என்று 2000-ல் அனுமதி வந்தது. கொண்டாட்டம்! ஆனால் சோதித்தது ஒரு மாடல், அனுமதி மூன்று தலைமுறைக்கு. சில வருஷத்தில் அந்த நிறுவனம் பல கார்களை விதிப்படி மாற்றாமலே விற்றது தெரியவந்தது. அது மூடிப்போனது. அரசு தகுதியைச் சுருக்கி, 1996 ஜனவரி முதல் 1998 ஜூன் வரை செய்யப்பட்ட ஆர்33-களுக்கு மட்டும் என்றது. பெரும்பணம் கொடுத்தவர்கள் கையில் கார் இருந்தது, நம்பிக்கையான காகிதம் இல்லை. மற்ற ரசிகர்கள் காலண்டரைப் பார்த்துக் காத்திருந்தார்கள். 1989 ஆகஸ்டில் வந்த ஆர்32-க்கு 2014 ஆகஸ்டில் கதவு திறந்தது. 1999 ஜனவரியில் வந்த ஆர்34-க்கு 2024 ஜனவரியில்.

இதற்கிடையே பில் கேட்ஸ் போன்றவர்கள் சும்மா இருக்கவில்லை. வழக்கறிஞர்கள் வைத்து, 1998-ல் ஒரு பெரிய நெடுஞ்சாலைச் சட்டத்துக்குள் ஒரு சின்னத் திருத்தத்தைச் சேர்க்க வைத்தார்கள். 1999 ஆகஸ்டிலிருந்து, வரலாற்று அல்லது தொழில்நுட்ப முக்கியத்துவம் உள்ள அரிய கார்களை (பொதுவாக 500-க்கு மேல் செய்யப்படாதவை) 'காட்சிக்கு' என்று கொண்டுவரலாம். வருஷத்துக்கு 2,500 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது. புகை விதி அப்படியே இருந்ததால் அதற்கும் எஞ்சினைத் திருத்தி, பிறகுதான் 959 வெளியே வந்தது. கோடீஸ்வரருக்கு ஒரு சட்டத்திருத்தம். சாதாரண ஆளுக்கு?

சாதாரண ஆளுக்கு நடந்ததை லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வாங்கியவர்கள் சொல்வார்கள். புது வண்டிக்குப் பழைய சேசிஸ் எண்ணைப் பொருத்தி 25 வயது என்று ஏமாற்றுவது நடந்துகொண்டிருந்தது. 2013-ல் அப்படிப் பிடிபட்ட ஒரு டிஃபெண்டரை இயந்திரத்தில் போட்டு நசுக்கி, அதை வீடியோவாகவே சுங்கத்துறை வெளியிட்டது. 2014 ஜூலையில் அதிகாரிகள் பல மாநிலங்களில் வீட்டு வாசலுக்கே போய் 40 டிஃபெண்டர்களைப் பறிமுதல் செய்தார்கள். அவற்றில் பல, துறைமுகத்தில் முறையாக அனுமதி வாங்கி, மாநிலப் பதிவு எண்ணோடு ஓடிக்கொண்டிருந்தவை. வாங்கியவர் செய்த தப்பு என்ன? யாரோ கொடுத்த காகிதத்தை, அரசே ஒருமுறை ஏற்றுக்கொண்ட காகிதத்தை, நம்பியதுதான். வழக்குப் போட்டவர்கள் பலருக்கு 2015-ல் வண்டி திரும்பி வந்தது.

மத்திய அரசு விட்டாலும் மாநிலம் விட வேண்டுமே! பதிவு எண் தருவது ஒவ்வொரு மாநிலத்தின் வாகனத் துறை, நம்மூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போல. 1981-க்குப் பிறகான அமெரிக்க வண்டிகளின் அடையாள எண் 17 எழுத்து. ஜப்பானிய உள்நாட்டுக் கார்களில் அதைவிடக் குறைவு. கணினியில் 17 கட்டம் நிரம்பாவிட்டால் "எண் தவறு" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். கலிபோர்னியாவில் 1975-க்குப் பிந்தைய பெட்ரோல் கார் என்றால் மத்திய விலக்கு எல்லாம் செல்லாது. அங்கீகரித்த ஆய்வகத்தில் தனியாகப் புகைச் சோதனை, அதற்கேற்ப மாற்றம் என்று சில சமயம் கார் விலைக்கு நிகராகச் செலவு.

ஜப்பானின் குட்டி 'கேய்' டிரக்குகள் வரத் தொடங்கியதும் இன்னொரு சண்டை. 660 சிசி எஞ்சின், காற்றுப்பை கிடையாது, ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகரம்தான். நெடுஞ்சாலையில் இது ஆபத்து என்று சில மாநிலங்கள் 2021-க்குப் பிறகு பதிவை மறுத்தன, கொடுத்த பதிவையும் ரத்து செய்தன. பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதே சாலையில் மோட்டார் சைக்கிளும், 1930-ன் ஃபோர்டு மாடல் ஏ-யும் சட்டப்படி ஓடுகின்றனவே? உரிமையாளர்கள் இதைத்தான் கேட்டார்கள். கடிதம் எழுதினார்கள், கூடிப் பேசினார்கள். 2024-ல் டெக்சாஸும் மாசசூசெட்ஸும் இறங்கிவந்து மறுபடி பதிவு கொடுத்தன.

போர்ஷே 959-களில் பெரும்பாலானவை 1987, 1988-ல் செய்யப்பட்டவை. 2013 முடிவதற்குள் அவற்றுக்கு 25 வயது ஆகிவிட்டது. அதன்பிறகு அந்தக் காரைக் கொண்டுவர காட்சி அனுமதியும் வேண்டாம், மைல் கணக்கும் வேண்டாம், மூன்று படிவம் போதும். பில் கேட்ஸ் அந்த 13 வருஷத்தோடு இன்னும் 12 வருஷம் பொறுத்திருந்தால் சட்டத்தை மாற்றும் செலவே மிச்சமாகியிருக்கும்!