சினைக் குதிரையும் அம்மாவின் காந்தலும்

நிபோங் திபாலை ஒட்டிய எங்கள் பைராம் தோட்டத்தில், "தூரம் நின்னு போச்சு" என்ற மூன்று சொற்களோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள்.

அம்மாவுக்கு நின்றது 1990களின் தொடக்கத்தில். நடுராத்திரியில் எழுந்துபோய் அடுப்படிச் சிமெண்டுத் தரையில் படுத்துக்கொள்வார். கேட்டால், "ஒடம்பெல்லாம் காந்துதுடி, நீ தூங்கு" என்பார். விடிவதற்குள் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அப்புறம் நாள் முழுக்கச் செம்பனை உதிரி பொறுக்க வேண்டும். டிரெஸ்ஸரிடம் போனால் பெனடோல் கிடைக்கும். அந்தக் காந்தலுக்கு ஒரு மருந்து ஐம்பது வருடமாக உலகத்தில் விற்பனையில் இருந்தது எங்கள் லயத்தில் யாருக்கும் தெரியாது.

அதன் பெயர் பிரெமரின். 1942இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. சினைக் குதிரைகளின் மூத்திரத்திலிருந்து பிரித்த ஈஸ்ட்ரோஜன். சினை, குதிரை, மூத்திரம் மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டித்தான் பெயரே வைத்தார்கள். 1966இல் ராபர்ட் வில்சன் என்ற நியூயார்க் மருத்துவர் 'ஃபெமினைன் ஃபாரெவர்' எழுதி, மாதவிடாய் நிற்பதையே ஒரு குறைபாட்டு நோய் என்றார். கிழவியாகாமல் இருக்கலாம் என்று ஆசை காட்டினார். அவருக்கு மருந்து நிறுவனப் பணம் போனது பிறகுதான் வெளியே வந்தது. 1975இல் அடுத்த அடி: ஈஸ்ட்ரோஜனை மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் கூடுதலாக வந்தது தெரிந்தது. அதனால் கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டின் சேர்த்துக் கொடுத்தார்கள்.

பெரிய பயம் 2002 ஜூலையில். 16,608 அமெரிக்கப் பெண்களை வைத்து நடந்த ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்பது செய்தி. 10,000 பெண்களில் ஆண்டுக்கு 30 பேருக்கு வருவது 38 ஆனது என்று எழுதியிருந்தால் இவ்வளவு பயந்திருப்போமா? அந்த எட்டுப் பேரை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. மருந்து எடுத்த எல்லோருக்கும் ஒரே மாத்திரை, ஒரே அளவு. 50 வயதில் தூக்கமில்லாமல் தவிப்பவளுக்கும் அதுவே பதிலாகிவிட்டது.

எனக்கும்தான். 51 வயதில் போன முதல் கிளினிக்கில், "கேன்சர் வரும்மா, பொறுத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். கருப்பை இருக்கிறதா, காலில் ரத்தம் கட்டியதுண்டா, ஒற்றைத் தலைவலி, பிரஷர்? மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் இது பொதுவாக ஆகாது. மற்றவர்கள் 60 வயதுக்குள், அல்லது நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலும் நன்மையே அதிகம் என்றார். மாத்திரை எனக்கு ஒத்துவரவில்லை; மார்பகம் கனத்து வலித்தது, தலையும் இடித்தது. மூன்று மாதம் கழித்துக் கையில் தடவும் ஜெல்லுக்கு மாற்றினார். தோல் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் முதலில் ஈரலுக்குப் போவதில்லை. ரத்தம் கட்டும் ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. ராத்திரிக்கு ஒரு புரோஜெஸ்டெரோன் குளிகை. அது லேசாகத் தூக்கமும் தரும். அளவைக் கூட்டிக் குறைத்து என் உடம்புக்குச் சரியாக அமைய எட்டு மாதம் ஆயிற்று.

அம்மாவுக்கு இப்போது 80. இதைத் தொடங்கும் வயதை எப்போதோ தாண்டிவிட்டார். போன வாரம் நான் ஜெல் தடவுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் கேட்டார்: "அப்ப அது வெயில் காந்தல் இல்லையாடி?"