ஒரு பைசாவுக்குத் தத்துவம் படித்தவர்கள்

"தத்துவமெல்லாம் நமக்கு எதுக்கு தோழர்? முதல்ல வேலை, பட்டா, சாதிச் சான்றிதழ். அப்புறம் புத்தகம் பார்க்கலாம்." வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் வாசிப்பு வட்டம் தொடங்கலாம் என்று எங்கே பேசினாலும் இந்தப் பேச்சு வரும். சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது. விடியற்காலையில் ஷூ கம்பெனி வண்டியில் ஏறி இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவருக்குப் புத்தகம் ஆடம்பரமாகத் தெரிவது இயல்புதான். ஆனால் அந்தப் பேச்சுக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. தத்துவம் என்பது ஓய்வும் வசதியும் உள்ளவர்களின் வேலை, நம் முன்னோர் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை என்பதே அது. இது பொய். நம்முடைய சொந்த வரலாறே இதைப் பொய் என்கிறது.

ரயிலேறிப் போனவர்கள்

1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கச் சுரங்கங்களைத் தோண்டத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களின் சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக அங்கே போனார்கள். வாணியம்பாடியும் திருப்பத்தூரும் அந்த வழியில்தான் இருக்கின்றன. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தீண்டப்படாதவர்கள் என்று ஊர் ஒதுக்கிவைத்த தமிழர்கள்.

பண்ணை வேலையில் கூலி நெல்லாக வரும், அதுவும் ஆண்டையின் மனசைப் பொறுத்து. சுரங்கத்தில் கூலி காசாக வந்தது. வேலை கொடியது, விபத்துகள் ஏராளம். ஆனாலும் ஷிப்ட் முடிந்த பிறகு உள்ள நேரம் தொழிலாளியுடையது, கையில் இருந்த காசும் அவருடையது. அந்த நேரத்தையும் காசையும் வைத்து அவர்களில் ஒரு பகுதியினர் செய்த காரியங்களில் ஒன்று, பத்திரிகை வாங்கிப் படித்தது.

1907-ல் வந்த இரண்டு

1907-ல் சென்னையில் இரண்டு வெளியீடுகள் வந்தன. ஒன்று, பேராசிரியர் பி. லட்சுமி நரசு ஆங்கிலத்தில் எழுதிய 'பௌத்தத்தின் சாரம்' என்ற நூல். அறிவியல் ஆசிரியரான அவர் புத்தரைப் பகுத்தறிவின் வெளிச்சத்தில் விளக்கினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1948-ல், அதே நூலை அம்பேத்கர் தம் முன்னுரையோடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

இன்னொன்று, அந்த ஆண்டு ஜூன் 19, புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து வந்த 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழ். நடத்தியவர் சித்த மருத்துவரான அயோத்திதாசப் பண்டிதர். 1898-ல் கர்னல் ஆல்காட்டோடு இலங்கை சென்று பௌத்தம் ஏற்று, சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவர். ஓராண்டு கழித்து, வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி 'ஒரு பைசா' உதிர்ந்து, இதழின் பெயர் 'தமிழன்' என்றானது. தங்கள் பத்திரிகைக்கு என்ன பெயர் இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை தங்களுக்கு உண்டு என்று அந்த வாசகர்கள் நினைத்திருக்கிறார்கள். இதைக் கவனியுங்கள்.

இதழ் தங்கவயலின் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், திருப்பத்தூர், ஹூப்ளி, செகந்திராபாத் என்று போனது. கடல் தாண்டி ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போனது. இந்த ஊர்களில் பௌத்த சங்கங்கள் எழுந்தன. எழுத்தறிந்த ஒருவர் சங்கத்தில் உரக்க வாசித்தால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாசகர்தான். நம் பக்கத்துத் திருப்பத்தூரைச் சேர்ந்த ஏ. பி. பெரியசாமிப் புலவர் இந்த மரபில் உருவான அறிஞர்.

சங்கை கேட்டவர்கள்

அவர்கள் என்ன படித்தார்கள்? திருக்குறள், ஆத்திசூடி, கொன்றைவேந்தன், பௌத்தக் கதைகள், அறம், மறுபிறப்பு, சாதியின் தோற்றம். எப்படிப் படித்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். சங்கை கேட்டுப் படித்தார்கள். இந்தப் பண்டிகை எதற்கு, இந்தச் சடங்கை யார் புகுத்தினார்கள், இந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டா என்று கடிதம் எழுதினார்கள். பண்டிதர் பதில் எழுதினார். தீபாவளி எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டறிந்ததைக் கொண்டாடிய பௌத்த நாள் என்றார். குறளை 'திரிக்குறள்' என்றே எழுதினார். அதைப் பௌத்த நூலாக வாசித்து அவர் எழுதிவந்த உரை, 1914 மே மாதம் அவர் இறந்தபோது முடியாமலே நின்றது.

குறள் ஓலைச்சுவடி தம் பாட்டனார் கந்தப்பன் வழியாகத்தான் எல்லிஸ் துரைக்குக் கிடைத்து அச்சேறியது என்றும் அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். கந்தப்பன் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் வீட்டில் சுவடி இருந்தது என்ற இந்தச் செய்தி, அதைப் படித்த சுரங்கத் தொழிலாளிக்கு எப்படி இருந்திருக்கும்! 'உனக்கு நூல் இல்லை' என்ற ஆயிரம் ஆண்டுப் பேச்சுக்கு அது பதில்.

இந்த வாசிப்பு வாழ்க்கையையும் மாற்றியது. திருமணமும் ஈமச் சடங்கும் பார்ப்பனர் இல்லாமல் நடந்தன. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியற்ற பௌத்தர் என்று பதியுங்கள் என்று 'தமிழன்' எழுதியது. பண்டிதருக்குப் பின் நின்றுபோன இதழை, 1926-ல் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் மறுபடி நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சிட்டது. பல்கலைக்கழகங்கள் மறந்த ஆளை வாசகர்கள் பாதுகாத்தார்கள். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய ஏடுகளைக் காப்பாற்றி வைத்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-ல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தபோதுதான் கல்வி உலகம் விழித்தது.

அவரிடமும் சங்கை கேட்போம்

இத்தோடு நிறுத்தினால் இது வெறும் பெருமைப் பேச்சு. அயோத்திதாசரின் சொல்லாராய்ச்சியில் பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்காது. அது சிறிய சிக்கல். பெரிய சிக்கல் வேறு. தாழ்த்தப்பட்டோர் வேறு, தாழ்ந்தோர் வேறு என்று அவர் பிரித்தார். பறையர் பூர்வ பௌத்தர், சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டவர்கள் என்றார். சக்கிலியர், குறவர், தோட்டி என்று அழைக்கப்பட்டவர்களை இயல்பிலேயே தாழ்ந்தோர் வரிசையில் வைத்தார்.

தோல் பதனிடும் ஊரில் இருந்துகொண்டு இந்தப் பக்கத்தைப் புரட்டித் தள்ளிவிட்டுப் போக முடியாது. தோலைத் தொடும் கையை வைத்துத்தானே ஊர் நம்மை அளக்கிறது? அருந்ததியர் தோழர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்த வரிகளை உரக்க வாசிக்க நமக்கு நா எழுமா? எழ வேண்டும். வாசித்துவிட்டு, "பண்டிதரே, இது தவறு" என்று சொல்லவும் வேண்டும். வேதத்தையும் புராணத்தையும் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தவருக்கு அதே கேள்வியைத் திருப்பி வைப்பது அவமரியாதை ஆகாது.

இன்றைய வாசகர்

அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' உரை 1936-ல் வந்தது. முதல் பதிப்பின் 1,500 படிகளும் இரண்டே மாதத்தில் தீர்ந்தன என்றும், குஜராத்தியிலும் தமிழிலும் ஏற்கெனவே மொழிபெயர்ப்பு வந்துவிட்டது என்றும் 1937 பதிப்பின் முன்னுரையில் அவரே எழுதினார். முதலில் மொழிபெயர்த்த மொழிகளில் தமிழும் ஒன்று. ஆனாலும் நம் மாணவர்கள் அதைக் கையில் எடுத்தால் முதல் பத்துப் பக்கத்திலேயே தடுமாறுகிறார்கள். லாகூர் எங்கே, ஜாத்-பாத்-தோடக் மண்டல் யார், பிளேட்டோ ஏன் வருகிறார் என்று குழம்பி மூடிவைத்துவிடுகிறார்கள். "எனக்கு அறிவு போதவில்லை" என்று வெட்கப்படுகிறார்கள்.

வெட்கப்பட ஒன்றுமில்லை. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்று அவர் வாதிடும் இடத்தை, நாங்கள் கூடிப் படித்தபோது முதலில் பிடித்துக்கொண்டவர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் அக்கா ஒருவர். பச்சைத்தோல் இறக்குவது யார், சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பது யார், கணக்கு எழுதுவது யார் என்று வரிசையாகச் சொன்னார். பட்டப்படிப்பு மாணவர்கள் அதற்குப் பிறகுதான் அந்தப் பத்தியைத் திரும்பப் படித்தார்கள்.

ஆகவே தோழர்களே, தனியாக உட்கார்ந்து முழுப் புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஐந்து பேர் கூடுங்கள். ஒருவர் உரக்க வாசிக்கட்டும், ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். புரியாத சொல்லை எழுதிவையுங்கள். ஒவ்வொருவரும் ஒரு சங்கை கேட்டாக வேண்டும் என்று விதி வையுங்கள். படிக்கத் தெரியாத அம்மாவையும் உட்கார வையுங்கள். வேலையும் பட்டாவும் கேட்டுப் போராடுவதை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. ஏன் நமக்கு அவை மறுக்கப்பட்டன என்று அதிகாரி முன்னால் தலைநிமிர்ந்து பேச இந்தப் பழக்கம்தான் உதவும். சுரங்கத்திலிருந்து ஏறிவந்து சங்கக் கூட்டத்துக்குப் போனவர்கள் நமக்கு விட்டுப்போன சொத்து இது.