செயின்ட் மேரிஸ் உணவு வங்கி

செயின்ட் மேரிஸ் உணவு வங்கி, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தலைநகரான ஃபீனிக்ஸில் 1967இல் தொடங்கப்பட்ட அறநிறுவனம். உலகின் முதல் உணவு வங்கியாக இது கருதப்படுகிறது. மாநிலத்தின் 15 கவுன்டிகளில் ஒன்பதில் இதன் பணி நடைபெறுகிறது. விற்பனைக்குப் போகாமல் நின்றுபோன, ஆனால் உண்ணத் தகுந்த உணவுப் பொருள்களைத் திரட்டிச் சேமித்து, பசித்தவர்களுக்கு உணவளிக்கும் சிறு அமைப்புகளுக்குப் பிரித்துத் தருவதே இதன் அடிப்படை வேலை.

பெயர் விளக்கம்

உணவு வங்கி என்பது அன்னதானக் கூடம் அன்று. அது ஒரு மொத்தக் கிடங்கு. கிடங்கிலிருந்து பொருளை வாங்கிச் சென்று குடும்பங்களுக்கு மளிகைப் பையாகத் தருபவை உணவு வழங்கு நிலையங்கள். சமைத்துப் பரிமாறுபவை இலவச உணவுக் கூடங்கள். தேவாலயங்கள், பள்ளிகள், முதியோர் மையங்கள், வீடற்றோர் காப்பகங்கள் ஆகியவை பெரும்பாலும் இவற்றை நடத்துகின்றன.

தோற்றம்

இதை நிறுவியவர் ஜான் வான் ஹெங்கல் (1923–2005). விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்த இவர், ஃபீனிக்ஸில் புனித வின்சென்ட் தே பவுல் சபை நடத்திய, நம்மூர்க் கஞ்சித்தொட்டியை ஒத்த இலவச உணவுக் கூடத்தில் தொண்டு செய்துவந்தார். நகரத்து வீட்டுத் தோட்டங்களில் ஆரஞ்சும் எலுமிச்சையும் பறிப்பாரின்றி உதிர்வதைக் கண்டு, அவற்றைச் சேகரித்து ஒரு பழைய வண்டியில் கூடத்துக்குக் கொண்டுவந்தார். விரைவிலேயே கூடத்தின் தேவையைவிட வரத்து மிகுந்தது.

அப்போது பத்துப் பிள்ளைகளின் தாய் ஒருவரைச் சந்தித்தார். கணவர் சிறையில் இருந்த நிலையில், மளிகைக் கடைகள் வெளியே கொட்டும் பொருள்களைப் பொறுக்கியே அந்தப் பெண் குடும்பத்தை நடத்திவந்தார். வேண்டாத உணவைப் போட்டுவைக்கவும் வேண்டியவர் எடுத்துக்கொள்ளவும் வங்கிபோல் ஓர் இடம் இருந்தால் நல்லது என்று அவர் சொன்னதிலிருந்தே இந்த எண்ணமும் பெயரும் பிறந்தன. புனித மரியாள் கத்தோலிக்க ஆலயப் பங்கு, பயன்பாடின்றிக் கிடந்த ஒரு கட்டடத்தையும் 3,000 டாலரையும் அளித்தது. ஆலயத்தின் பெயரே வங்கிக்கும் அமைந்தது. முதல் ஆண்டில் 2,75,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 125 டன் உணவு, 36 அமைப்புகளுக்குச் சென்றது.

பரவல்

1975இல் மத்திய அரசின் நிதியுதவி கிடைத்தபின், பிற நகரங்களிலும் இத்தகைய வங்கிகள் உருவாக வான் ஹெங்கல் துணைநின்றார். 1977க்குள் 18 நகரங்களில் உணவு வங்கிகள் எழுந்தன. இம்முயற்சிக்காகத் தொடங்கப்பட்ட 'செகண்ட் ஹார்வெஸ்ட்' அமைப்பு 1979இல் தனித்து இயங்கத் தொடங்கி, பின்னர் சிகாகோவுக்கு இடம்பெயர்ந்தது. 2008 முதல் அதன் பெயர் 'ஃபீடிங் அமெரிக்கா'. சுமார் 200 வட்டார உணவு வங்கிகள் அதன் உறுப்பினர்கள்.

இரண்டு சட்டங்கள் இந்த வளர்ச்சிக்கு உதவின. உபரி உணவை நன்கொடையாக அளிக்கும் நிறுவனங்களுக்கு 1976ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் கூடுதல் வரிக்கழிவு தந்தது. நல்லெண்ணத்துடன் அளித்த உணவால் தீங்கு நேர்ந்தாலும், கடும் கவனக்குறைவோ உள்நோக்கமோ இல்லாதவரை கொடையாளர்மீது வழக்குப் பொறுப்பு வராது என 1996ஆம் ஆண்டின் பில் எமர்சன் சட்டம் உறுதியளித்தது.

செயல்முறை

லேபிள் பிழையான டப்பாக்கள், நசுங்கிய அட்டைப்பெட்டிகள், அளவிலும் வடிவத்திலும் சந்தைக்கு ஒவ்வாத காய்கறிகள், கடையில் விற்பனைக் கெடு நெருங்கிய ரொட்டி, இறைச்சி ஆகியவை வங்கிக்கு வரும் பொருள்களில் அடங்கும். இவற்றோடு அரசு விவசாயிகளிடம் கொள்முதல் செய்து தரும் பொருள்களும், நன்கொடைப் பணத்தில் வங்கியே வாங்குபவையும் சேர்கின்றன. தன்னார்வலர்கள் தரம் பார்த்துப் பிரிக்கிறார்கள். கெடக்கூடியவை குளிர்பதன அறைகளுக்கும் மற்றவை அடுக்குகளுக்கும் போகின்றன.

ஃபீடிங் அமெரிக்காவுக்கு வரும் நாடு தழுவிய நன்கொடைகளை உறுப்பு வங்கிகளிடையே பங்கிடுவது தனிச் சிக்கலாக இருந்தது. முன்பு வரிசை முறையில், முறை வந்த வங்கிக்குக் கிடைத்த பொருள் அளிக்கப்பட்டது. போக்குவரத்துச் செலவு அதனுடையது. உருளைக்கிழங்கு மிகுதியாக விளையும் வட்டாரத்துக்கே மீண்டும் உருளைக்கிழங்கு ஒதுக்கப்படும் நிலை அதில் இருந்தது. 2005இல் சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் உதவியுடன் ஏலமுறை வந்தது. ஒவ்வொரு வங்கிக்கும் அதன் வட்டாரத் தேவைக்கேற்பப் புள்ளிகள் தரப்படும். இவை இந்த ஏலத்தில் மட்டும் செல்லும். வங்கிகள் தமக்கு வேண்டியவற்றை அப்புள்ளிகளால் ஏலம் கேட்கும். காய்கறி நிறைந்த வங்கி, சீரியலுக்கும் பாஸ்தாவுக்கும் புள்ளிகளைச் சேமிக்கலாம். எவரும் விரும்பாத சரக்கை எடுப்பவருக்குப் புள்ளிகள் கொடுக்கவும் இம்முறையில் இடமுண்டு.

வரம்புகளும் விமர்சனமும்

உணவு வங்கிக்கு என்ன வரும் என்பதைப் பெரும்பாலும் உபரி தீர்மானிக்கிறது; பசி தீர்மானிப்பதில்லை. உணவுத் தொழில் வீணாக்கலைக் குறைத்தால் வரத்தும் குறையும். ஃபீடிங் அமெரிக்காவின் கணக்குப்படி, உணவு வங்கிகள் அளிக்கும் ஒவ்வொரு வேளை உணவுக்கும் அரசின் ஸ்நாப் உணவு உதவித் திட்டம் ஒன்பது வேளை அளிக்கிறது. சமூகவியலாளர் ஜேனட் பாப்பென்டிக் 1998இல் வெளியிட்ட 'ஸ்வீட் சாரிட்டி?' நூல், இத்தகைய அறப்பணி வறுமை பற்றிய சமூகத்தின் மனஉறுத்தலைத் தணித்து, உணவு உரிமை என்ற கேள்வியைப் பின்தள்ளுகிறது என்று வாதிட்டது.

அவசரத் தீர்வாகத் தொடங்கும் இத்தகைய உதவி நிலைத்துவிடுவதற்கு அரசின் போக்கும் சான்றாகிறது. பால் விலை ஆதரவுத் திட்டத்தால் கிடங்குகளில் குவிந்த பாலாடைக்கட்டியை 1981இல் ரீகன் அரசு ஏழைகளுக்கு விடுவித்தது. அதைத் தொடர்ந்து உருவான திட்டத்துக்கு 'தற்காலிக அவசர உணவு உதவித் திட்டம்' என்று பெயர். திட்டம் இன்றும் உணவு வங்கிகள் வழியே நடக்கிறது. 'தற்காலிக' என்ற சொல் மட்டும் 1990இல் நீக்கப்பட்டது.