ஒளி வந்த வழி – 9: தண்ணீர்த் திரையில் ஒரு கதிர்

ஐன்ஸ்டீன் 1917இல் கணக்குப் போட்டுச் சொன்னதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆற்றல் ஏறி நிற்கும் அணுவின் மேல் பொருத்தமான ஒளித்துகள் பட்டால், அதே நிறத்தில், அதே திசையில், அலையின் ஏற்ற இறக்கமும் பிசகாமல் இன்னொரு துகள் கிளம்புகிறது. இந்தப் பெருக்கத்தை இரு கண்ணாடிகளுக்கு நடுவே வளர்த்தால் லேசர். 1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவில் தியோடர் மைமன், சிறு மாணிக்கத் தண்டு ஒன்றைச் சுற்றிப் புகைப்பட ஃபிளாஷ் விளக்கை வைத்து, முதல் சிவப்புக் கதிரை வரவழைத்தார்.

ஆய்வுக்கூடத்துக் கதிர் அரங்கத்துக்கு வந்த கதைதான் எனக்கு இன்னும் பிடித்தது. திரைப்படக்காரரான ஐவன் டிரையர், 1970இல் இயற்பியலாளர் எல்சா கார்மையர் காட்டிய லேசர் வடிவங்களைப் படம்பிடித்தார். போட்டுப் பார்த்தால், நேரில் கண்ட உயிர்ப்பு படச்சுருளில் இல்லை. லேசர் ஒளியில் ஒரு மணல்மணி மினுமினுப்பு உண்டு. பார்ப்பவர் தலையசைத்தால் அதுவும் அசையும். அது எப்படிச் சுருளில் ஏறும்? ஒளியைப் படமாக்கி மக்களிடம் கொண்டுபோவதை விட்டு, மக்களை ஒளியிடம் வரவழைத்தார் டிரையர். 1973 நவம்பர் 19 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் கிரிஃபித் வானாய்வகக் குவிமாடத்தின் கீழ் 'லேசரியம்' தொடங்கியது. கிரிப்டான் வாயு லேசரின் கதிரை முப்பட்டகம் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலமாகப் பிரிக்க, கலைஞர் ஒருவர் இசைக்கேற்ப அங்கேயே இயக்கினார்.

அந்த வித்தையைக் காண ஜொகூர்க்காரர்களுக்குக் கடற்பாலம் தாண்டினால் போதுமானதாக இருந்தது. சிங்கப்பூர்ச் செந்தோசாத் தீவின் சிலோசோ கடற்கரையில் 2007 மார்ச் முதல் 2014 மே வரை நடந்த 'சாங்ஸ் ஆஃப் தி சீ' காட்சியில் நீர்த்திவலையே திரை. காற்றில் திவலையோ புகையோ இல்லையென்றால், பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்குக் கதிரே தெரியாது.

லேசரால் ஒரு மீனை வரைய, நகத்தளவுக் கண்ணாடிகள் இரண்டு போதும். ஒன்று கதிரை இடவலமாக அசைக்கும், மற்றது மேல்கீழாக. வினாடிக்குச் சுமார் 30,000 புள்ளிகள். உண்மையில் அங்கே ஓடுவது ஒற்றைப் புள்ளிதான். மீனை முழுமையாக்குவது நம் கண்.

ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலில் தீப ஒளி லட்சக்கணக்கான சில்லுகளில் சிதறி அழகாகிறது. லேசரின் அழகோ சிதறாமல் இருப்பதில். ஆபத்தும் அதில்தான். கண்ணுக்குள் புகுந்தால் அத்தனை ஆற்றலையும் விழிவில்லை விழித்திரையில் ஊசிமுனை அளவு இடத்தில் குவித்துவிடும். கூட்டத்தின் தலைக்கு மேலேயே கதிரை ஓட்டுவது இதனால்தான்.

2010 டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் இடையே சுசுகி கிண்ணக் கால்பந்து இறுதிச்சுற்றின் முதல் ஆட்டம். இந்தோனேசிய வீரர்களின் முகத்தில் பார்வையாளர் பகுதியிலிருந்து பச்சை லேசர் அடித்தார்கள். வீரர்கள் முறையிட்டு, ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது. 3-0 என நாம் வென்ற ஆட்டம் அது. எதிராளியின் கண்ணோடு விளையாடியதை ஆதரவு என்று யாரும் சொல்லக் கூடாது.

இரவுச் சந்தையில் பிள்ளை லேசர் பேனா கேட்டு அடம்பிடித்தால், அதில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். 1 மில்லிவாட்டுக்கு மேல் என்றால் வாங்காதீர்கள். சீட்டே இல்லையென்றாலும் வாங்காதீர்கள்.