கிழவரின் ஊசி

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை இன்று தெருவுக்கொரு ஜிம். அங்கே போகும் பிள்ளைகள் வாயில் அடிக்கடி வரும் சொல் டெஸ்டோஸ்டிரோன். எடை தூக்கினால் அந்த ஹார்மோன் கூடும், அது கூடினால்தான் உடம்பு ஏறும் என்கிறார்கள். சிலர் நேராக ஊசிக்கே போய்விடுகிறார்கள். ஊசியால் பலம் தேடும் இந்த ஆசையை உலகறியச் செய்தவர், என்னைப்போல எழுபதைத் தாண்டிய ஒரு கிழவர்.

பெயர் பிரவுன்-செக்கார். புதுச்சேரியிலிருந்து நம் கைவினைஞர்கள் கப்பலேறிப் போன மொரீஷியஸ் தீவில், போர்ட் லூயி நகரில், 1817-இல் பிறந்தவர். பாரிஸில் கொலேழ் து பிரான்ஸ் பேராசிரியர். தண்டுவட ஆராய்ச்சியில் பெரிய பெயர்.

1889 ஜூன் 1 அன்று, 72 வயதில், பாரிஸ் அறிஞர் சபையில் எழுந்து ஒரு செய்தி சொன்னார். நாய், கினிப்பன்றி இவற்றின் விரைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டாராம். மாடிப்படியை ஓடி ஏற முடிகிறது, கைப்பலத்தைக் கருவியில் அளந்து பார்த்தால் கூடியிருக்கிறது என்றார். ஒரு பக்கம் கேலி. மறு பக்கம் அந்த ஊசிக்கு அடிதடி. 1894-இல் அவர் காலமானார்.

ஹார்மோன் என்ற சொல்லே 1905-இல்தான் வந்தது. டெஸ்டோஸ்டிரோனைக் காளையின் விரையிலிருந்து பிரித்தெடுத்தது 1935-இல், ஆம்ஸ்டர்டாமில். விரை அதைச் சேமித்து வைப்பதில்லை. சுரந்ததும் ரத்தத்தில் விட்டுவிடும். தண்ணீரிலும் அது சரியாகக் கரையாது. 2002-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவர் முறைப்படியே சாறு எடுத்துப் பார்த்தார்கள். அதிலிருந்த ஹார்மோன் எதற்கும் போதாது. கிழவருக்கு வந்த பலம் நம்பிக்கை தந்த பலம்.

சரி, எடை தூக்கினால் ஹார்மோன் கூடுமா? கூடும். கனமான எடையை, குறிப்பாகக் கால், முதுகுத் தசைகளுக்கு வேலை கொடுத்துத் தூக்கினால், டெஸ்டோஸ்டிரோனும் வளர்ச்சி ஹார்மோனும் ஏறும். ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிடும். நம் வயதில் அந்த ஏற்றமும் குறைவு. ஆனாலும் தசை வளர்கிறது. பாரம் தாங்கிய தசையே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. இன்சுலினும் நன்றாக வேலை செய்யும், சர்க்கரைக்காரர்கள் கவனிக்க.

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோனை அதிகமாக ஏற்றினால் தசை வரும், பொய்யில்லை. ஆனால் வேண்டியது வந்துவிட்டதென்று மூளை நினைத்து, விரைக்குப் போகும் உத்தரவை நிறுத்திவிடும். சொந்தச் சுரப்பு படுத்துவிடும். குழந்தைப்பேறே கெடலாம். இருபது வயதுப் பையனுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 1990-இல் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேரைக் காலால் எடை தூக்க வைத்தார்கள். எட்டு வாரத்தை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. பிரவுன்-செக்கார் நாயிடம் தேடியது அவர் தொடையிலேயே இருந்திருக்கிறது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். ஆரம்பத்துக்கு அது போதும்.