கேடயவால் பாம்புகள்: ஒரு மலை வரைபடத்தின் வரலாறு

தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் இல்லாத பாம்புக் குடும்பம் கேடயவால் பாம்புகள். 50க்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கை மலைநாட்டிலும் ஈரமண்ணுக்குள் வாழ்கின்றன. நஞ்சு இல்லை, மண்புழுதான் முக்கிய இரை, முட்டையிடாமல் குட்டி போடும்.

கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது வால். கத்தியால் சாய்வாகச் சீவிவிட்டது போன்ற முனை, சொரசொரப்பான செதில்கள், அவற்றின்மேல் அப்பிய மண். பாம்பு வளைக்குள் இறங்கியதும் அந்த மண்ணே பின்புற வாசலை அடைத்துவிடுகிறது. தலையோ கூம்பிச் சிறுத்திருக்கும். எது தலை, எது வால் என்று தெரியாமல் இருதலைப் பாம்பு என்று நினைத்து அடிப்பவர்களும் உண்டு. உடலின் முன்பகுதியில் மட்டும் தசை திரண்டிருக்கிறது. அந்தப் பகுதியைத் தோலுக்குள்ளேயே வளைத்து, வளையின் சுவரில் ஊன்றிக்கொண்டு தலையை முன்னே செலுத்தும். குளிர்ந்த, நெகிழ்ந்த மண்ணுக்கென்றே அமைந்த இந்த உடலால் வெயில் காயும் சமவெளியைக் கடக்க முடியாது. பாலக்காட்டுக் கணவாய் போன்ற இடைவெளிகள் இதற்குக் கடலைப் போன்றவை. அதனால்தான் மலைக்கு மலை இனம் மாறுகிறது.

இவற்றின் இருப்பிடப் பதிவு பிழையோடுதான் தொடங்கியது. 1829இல் பிரெஞ்சு இயற்கையியலர் குவியே ஓர் இனத்துக்கு இலங்கையின் பெயரைச் சூட்டினார். அந்தப் பாம்பு இலங்கையில் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. பெயர் மட்டும் இன்றுவரை மாறவில்லை.

அடுத்து வந்தவர் ரிச்சர்ட் ஹென்றி பெடோம். படை அதிகாரியாக இருந்து, 1860 முதல் 1882 வரை சென்னை மாகாண வனத்துறைக்குத் தலைமை வகித்தவர். காடு அளக்கப் போன மலைகளிலெல்லாம் மண்ணைக் கிளறி, இந்தக் குடும்பத்தில் ஏராளமான இனங்களை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். தனி மனிதராக அவர் செய்த பணி அளவில் பெரியது. ஆனால் சேகரித்த மாதிரிகளின் சீட்டுகளில் அவர் எழுதிய இடப்பெயர்கள் பல வெறும் ‘ஆனைமலை’, ‘வயநாடு’ என்ற அளவில் நின்றன. ஆனைமலை என்றால் அடிவாரப் புதர்க்காடும் உண்டு, 2,695 மீட்டர் உயர ஆனைமுடியும் உண்டு. வரைபடத்தில் புள்ளியை எங்கே வைப்பது? 1943இல் மால்கம் ஸ்மித் இந்தியப் பாம்புகளைத் தொகுத்தபோதும் பல இனங்களுக்கு அந்தப் பழைய மாதிரிகளே ஆதாரம். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து இவற்றை நெடுங்காலம் ஆராய்ந்த எம். வி. ராஜேந்திரன் 1985இல் தனி நூலே வெளியிட்டார்.

சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் வந்தபிறகு இடப்பெயரின் மதிப்பு கூடியது. பரவல் எல்லை 20,000 சதுர கிலோமீட்டருக்கும் 5,000க்கும் 100க்கும் கீழே இறங்க இறங்க, ஆபத்தின் படி ஏறுகிறது. வாழிடம் சிதைவது போன்ற பிற சான்றுகளும் சேர வேண்டும். குடியிருக்கும் பரப்பை இரண்டு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரங்களாக எண்ணுகிறார்கள். ஒரு சீட்டு தவறினால் கணக்கே தவறும். அதனால் கேடயவால் இனங்கள் பல ‘தரவு போதாது’ என்ற பிரிவில் தங்கிவிட்டன. அது பாதுகாப்பான பிரிவு அன்று. அழியும் நிலையில் உள்ள இனமும் அதற்குள் கவனிப்பாரின்றிக் கிடக்கலாம். 2022இல் வெளியான உலக ஊர்வன மதிப்பீடு 10,196 இனங்களை ஆராய்ந்து, ஐந்தில் ஒன்றுக்கு மேல் அழியும் ஆபத்தில் உள்ளதாகக் கண்டது.

கண்டுபிடிப்பதும் எளிதன்று. கல்லையும் மக்கிய மரத்தையும் புரட்ட வேண்டும். இலைச் சருகை விலக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் மலைச்சாலையில் நடந்தால், டயரில் நசுங்கிய பாம்பே பல நேரம் பதிவாகிறது. ஆனைமலைச் சாலைகளில் இப்படி மடியும் ஊர்வனவும் தவளைகளும் பற்றி 2001இல் ஆய்வு வெளிவந்தது.

எல்லா இனங்களுக்கும் ஒரே கதி நேரவில்லை. நீலகிரியின் பெரோட்டே கேடயவால் பாம்பு ஊட்டித் தோட்டங்களிலும் எருக்குழிகளிலும் இன்றும் காணப்படுகிறது. காட்டுமண்ணை விட்டு வராத இனங்களோ தேயிலைக்காகத் திருத்தப்பட்ட சரிவுகளில் இடமிழந்தன.

2018இல் கோவையை அடுத்த ஆனைகட்டி மலையிலிருந்து புதிய இனம் ஒன்று விவரிக்கப்பட்டது. 2014இல் அகத்தியமலைக் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் இறந்த ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியன் பூபதியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. நகரத்துக்கு இவ்வளவு அருகில் இருந்தும் அது தனி இனமென்று அதுவரை அறியப்படவில்லை. அதே மலையடிவாரத்தில், தடாகம் பள்ளத்தாக்கின் செம்மண் பல ஆண்டுகளாகச் செங்கல் சூளைகளுக்காகத் தோண்டப்பட்டு வந்தது.